எழுதிவைத்தபடி அமையும் மடிக்கணினி: ரீயூனியன் தீவில் நிக்ஸ்ஓஎஸ், எட்டு மாத நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தலைநகர் செயின்ட் டெனியில் வசிக்கும் ஓர் ஆசிரியை. பூர்வீகம் புதுச்சேரி. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறார். பாடத்தாள்கள், கோயில் அறிவிப்புகள், சங்கத்தின் கடிதங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும். இன்டெல் 7ஆம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, பிரெஞ்சு அஸெர்ட்டி விசைப்பலகை, விண்டோஸ் 10. பேட்டரி பழையது, முழுதாக ஏற்றினாலும் முக்கால் மணி நேரம்தான் தாங்கும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிய இருந்தது, அந்தச் செயலியோ விண்டோஸ் 11க்குத் தகுதியான பட்டியலில் இல்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தூக்கிப்போட அவருக்கு மனமில்லை. அதே ஊரில் சர்வர் நிர்வாகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் லினக்ஸ் போட்டுத்தர முன்வந்தார். இந்தக் குறிப்பில் முதலாமவர் ஆசிரியை, இரண்டாமவர் உதவியாளர்.

அதற்கு 2 வருடங்களுக்கு முன் இதே மடிக்கணினியில் உபுண்டு இருந்து, கைவிடப்பட்டிருந்தது. தமிழ் எழுத்துரு ஒன்றை யாரோ ஒரு விதமாகவும் விசைப்பலகை அமைப்பை இன்னொருவர் வேறு விதமாகவும் போட்டார்கள். பதிப்பு உயர்த்தியபோது இரண்டும் கெட்டன. என்ன செய்திருந்தோம் என்பதற்கு எங்கும் பதிவில்லை. இம்முறை ஆசிரியை வைத்த ஒரே நிபந்தனை இதிலிருந்து வந்தது: "என்ன பண்ணீங்கன்னு ஒரு தாள்ல இருக்கணும் தம்பி, நாளைக்கு நீங்க இல்லாட்டாலும் வேற ஒருத்தர் படிச்சிப் பண்ணணும்."

ஏன் நிக்ஸ்ஓஎஸ்

அந்த நிபந்தனைக்கு நேராகப் பதில் சொல்லும் லினக்ஸ் இது. நிக்ஸ் என்ற மென்பொருள் மேலாண்மைக் கருவி 2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாகத் தொடங்கியது. அதன் மேல் கட்டப்பட்டது நிக்ஸ்ஓஎஸ். என்ன மென்பொருள், எந்த மொழி, எந்த நேர வலயம், எந்தச் சேவை ஓட வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதுகிறோம். நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் என்ற கட்டளை அதைப் படித்து முழு அமைப்பையும் கட்டுகிறது. ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஒரு புதுத் தலைமுறை உருவாகிறது, பழையது அழிவதில்லை. புதியது சரிப்படாவிட்டால் பூட் மெனுவில் முந்தியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

மென்பொருள் ஒவ்வொன்றும் நிக்ஸ் ஸ்டோர் என்ற கோப்புறையில் தனித்தனி முகவரியில் உட்காரும். ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் மோதாமல் அருகருகே இருக்கும். இதற்கு விலையும் உண்டு: வட்டில் இடம் அதிகம் போகும், வழக்கமான லினக்ஸ் அடைவுகள் பல இங்கே இருக்காது. அந்த இரண்டு விலையையும் பின்னால் கொடுக்க வேண்டிவந்தது.

எடுத்த முடிவுகள்: ஃபிளேக் முறை, அதாவது மென்பொருள் தொகுப்பின் துல்லியமான பதிப்பு ஒரு பூட்டுக்கோப்பில் பதிவாகும் முறை. அமைப்புக் கோப்புகள் முழுதும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில். வட்டு லக்ஸ் முறையில் குறியாக்கம். மேசைச்சூழல் எக்ஸ்எஃப்சிஇ, எக்ஸ்11 (சுருக்கமாக எக்ஸ்) என்ற சாளர அமைப்பின் மீது. 8 ஜிபி நினைவகத்துக்கு அது போதும், உள்ளீட்டு முறைகள் அதில் தொல்லை தருவது குறைவு. சங்கத்தின் பழைய ஸ்கேனருக்காக விண்டோஸ் 90 ஜிபியில் அப்படியே இருக்கும். வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் அமைப்புகளை, அதாவது டாட்ஃபைல்களை, இப்போதைக்குத் தொடவேண்டாம் என்றும் முடிவாயிற்று. இந்தக் கடைசி முடிவின் விளைவு செப்டம்பரில் தெரிந்தது.

2025 ஜனவரி 18: நிறுவல்

பதிப்பு 24.11. வரைகலை நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை யுஎஸ்பியில் எழுதி, நேரடி அமர்வில் விசைப்பலகையை பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டு, டெர்மினலில் கையால் நிறுவினார்கள். விண்டோஸ் பக்கத்திலிருந்து 150 ஜிபி சுருக்கி எடுக்கப்பட்டது. அதில் ஒரே ஒரு லக்ஸ் பார்ட்டிஷன் (வட்டுப் பகுதி), உள்ளே எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு வட்டில் தனி இடம் கிடையாது, நினைவகத்திலேயே சுருக்கிவைக்கும் இசட்ரேம் மட்டும். இயந்திரம் எழத் தேவையான கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்கெனவே 260 எம்பியில் இருந்தது, அதுவே பூட் ஆக ஏற்றப்பட்டது. அதில் விண்டோஸும் தயாரிப்பாளரும் வைத்த கோப்புகள் 58 எம்பி. மீதி 202 எம்பி போதும் என்று அப்போது தோன்றியது.

நிக்ஸ்ஓஎஸ்-ஜெனரேட்-கான்ஃபிக் இரண்டு கோப்புகளைத் தரும். வன்பொருள் கோப்பில் வட்டு அடையாளங்கள், கெர்னல் மாட்யூல்கள். அதைக் கையால் தொடக்கூடாது. மற்றது நாம் எழுத வேண்டியது. முதல் நாள் அதில் எழுதியவை: நேர வலயம் இந்தியன் ஓஷனில் ரீயூனியன், முதன்மை மொழி பிரெஞ்சு, கூடுதலாக இந்தியத் தமிழ் லொக்கேல் (மொழி வழக்க அமைப்பு), நெட்வொர்க்மேனேஜர், அச்சுச் சேவை, நோட்டோ எழுத்துருக்கள், லோஹித் தமிழ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ், பிரெஞ்சுச் சொல்திருத்தி. எல்லாம் சேர்ந்து 70 வரிக்குள் அடங்கியது.

நிறுவும் கட்டளை முதல் முறை தோற்றது. "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்றது. கோப்போ கண் முன்னால் இருக்கிறது. கிட் களஞ்சியத்துக்குள் இருக்கும் ஃபிளேக், கிட்டுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டுமே பார்க்கும். புதிதாக உண்டாக்கிய வன்பொருள் கோப்பை கிட்-ஆட் செய்யாததுதான் காரணம். கமிட் செய்யத் தேவையில்லை, சேர்த்தாலே போதும். புதியவர்கள் அனேகமாக எல்லோரும் ஒருமுறையாவது இடறும் இடம் இது.

முதல் பூட்: கடவுச்சொல் ஏற்கவில்லை

மறுதொடக்கம் செய்ததும் லக்ஸ் கடவுச்சொல் கேட்டது. ஆசிரியை தட்டினார், அந்தக் கடவுச்சொல்லுக்குரிய திறவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நான்கு முறை அதே பதில். தட்டும் எழுத்துகள் திரையில் தெரியாததால் எந்த எழுத்து விழுகிறது என்று பார்க்க வழியில்லை.

"நான் சரியாத்தான் போடறேன் தம்பி."

"நீங்க சரியாத்தான் போடறீங்க அக்கா, அது வேற மாதிரி வாங்குது."

உதவியாளர் உடனே எதையும் மாற்றவில்லை. முதலில் யுஎஸ்பியில் பூட் செய்து, நேரடி அமர்விலிருந்து அதே கடவுச்சொல்லால் பார்ட்டிஷனைத் திறந்து பார்த்தார். திறந்தது. ஆக, திறவுகளை வைத்திருக்கும் லக்ஸ் தலைப்பகுதி பழுதாகவில்லை, சொல்லும் சரி. மிச்சம் இருப்பது விசை அமைப்பு மட்டும்.

கோப்பில் எழுதியிருந்தது எக்ஸ் சாளரத்துக்கான விசை அமைப்பு மட்டுமே: பிரெஞ்சு. கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் எக்ஸ் கிடையாது, வெறும் கன்சோல். அதற்கான விசை அமைப்பை, அதாவது கீமேப்பை, எழுதாவிட்டால் அமெரிக்க அமைப்பு வந்து உட்காரும். அப்படியானால் அஸெர்ட்டி பலகையில் ஆங்கில ஏ (A) விழ வேண்டுமானால் க்யூ என்று பொறித்த விசையைத் தட்ட வேண்டும், க்யூவுக்கு ஏ. இசட்டுக்கு டபிள்யூ, டபிள்யூவுக்கு இசட். எம் விழுவது காற்புள்ளி விசையில். எண்களுக்கு அஸெர்ட்டியில் ஷிஃப்ட் வேண்டும், அமெரிக்க அமைப்பில் கூடாது. ஷிஃப்டோடு தட்டினால் எண்ணுக்குப் பதில் குறிகள் விழும். ஆசிரியையின் கடவுச்சொல் ஒரு தமிழ்ச் சொல்லும் நான்கு எண்களும். இந்த மாற்றத்தை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துத் தட்டியதும் திறந்தது.

உள்ளே போனதும் கன்சோல் கீமேப் பிரெஞ்சு என்று ஒரு வரி சேர்த்து மீண்டும் கட்டினார்கள். அந்த வரி இருந்தால் லக்ஸ் கேட்பதற்கு முன்பே கீமேப் ஏறிவிடும். எக்ஸ் அமைப்பிலிருந்தே கன்சோலுக்கும் எடுத்துக்கொள்ளும் விருப்பத்தேர்வும் உண்டு. ஆனால் நாளை எக்ஸ் பக்கம் இரண்டாவது விசை அமைப்பைச் சேர்த்தால் கன்சோலில் என்ன விளையும் என்று யோசிக்க வேண்டிவரும். வட்டைத் திறக்கும் திறவு அப்படி ஊசலாடக்கூடாது என்று தனி வரியாகவே வைத்தார்கள். இந்த முடிவு சரி என்றே இன்றும் படுகிறது.

கூடவே ஒரு காப்பு. லக்ஸ்2 தலைப்பகுதியில் 32 திறவுகள் வரை வைக்கலாம். இரண்டாவது திறவாக ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம் ஆகிய ஐந்தும் எண்களும் இல்லாத ஒரு நீண்ட சொற்றொடர் சேர்க்கப்பட்டது. இரண்டு அமைப்பிலும் அது ஒரே மாதிரி விழும். அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்தார்கள்.

தமிழ் உள்ளீடு: அம்மா, ஆம்ம

பிப்ரவரி 11இல் தைப்பூசம். காவடி அறிவிப்பு பிரெஞ்சிலும் தமிழிலும் அச்சாக வேண்டும். உள்ளீட்டுக்கு எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருள், அதில் எம்17என் என்ற நூலகம் வழியாக தமிழ்99 விசை அமைப்பு. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் உள்ளீட்டு முறையை இயக்க ஒரே வரிதான் இருக்கும், 24.11இல் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது, ஒன்று இயக்கு என்பது, மற்றது எந்த வகை என்பது. பழைய வரியைப் போட்டாலும் எச்சரிக்கையோடு ஓடும், ஆனால் எச்சரிக்கையைத் தேங்கவிட்டால் அடுத்த பதிப்பில் பிழையாக வந்து நிற்கும். அன்றே மாற்றினார்கள்.

ஆசிரியை விசைகளைப் பார்க்காமல் தமிழ்99 அடிப்பவர். "அம்மா" என்று அடித்தார், திரையில் "ஆம்ம" என்று வந்தது. ந வர வேண்டிய இடத்தில் ர.

விசைப்பலகையின் இடத்தை எம்17என் பார்ப்பதில்லை, அங்கிருந்து வரும் லத்தீன் எழுத்தைத்தான் பார்க்கிறது. தமிழ்99இல் அ இருப்பது ஆங்கில ஏ (A) எழுத்தில், ஆ இருப்பது க்யூவில் (Q). அஸெர்ட்டியில் அவை இரண்டும் இடம் மாறியவை. அதனால் அ தட்டினால் ஆ, ஆ தட்டினால் அ. மகரத்துக்குப் பின் ஆ தட்டும் இடத்தில் அ விழுந்ததால் கடைசிக் கால் காணாமல்போய் "ஆம்ம" ஆயிற்று. எம் விசை அஸெர்ட்டியில் எல்லுக்குப் பக்கத்தில் வருவதால், விரல் ந என்று போன இடத்தில் ர விழுந்தது.

எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது, லொக்கேலை மாற்றிப் பார்ப்பது என்று பலரும் இந்த இடத்தில் மணிக்கணக்காகச் செலவிடுவார்கள். தீர்வு சிறியது. எஃப்சிஐடிஎக்ஸ்5 அமைப்புச் சாளரத்தில் தமிழ்99 உள்ளீட்டுக்கு மட்டும் அடித்தள விசை அமைப்பு அமெரிக்க ஆங்கிலம் என்று தேர்ந்தால் போதும். பிரெஞ்சு எழுதும்போது அஸெர்ட்டி, தமிழுக்கு மாறினால் தமிழ்99இன் சரியான இடங்கள். 2 நிமிட வேலை. ஆனால் அது வீட்டுக் கோப்புறையில் மட்டும் பதிவாயிற்று, அமைப்புக் கோப்பில் ஏறவில்லை. அறிவிப்பு அச்சாகிவிட்டது, விஷயம் மறந்துபோயிற்று.

சில்லறைத் திருத்தங்கள்

விண்டோஸில் கடிகாரம் 4 மணி நேரம் பின்னால் போயிற்று. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். ரீயூனியன் பொது நேரத்துக்கு 4 மணி முன்னால். வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் என்ற ஒரு வரி தீர்த்தது.

ஆப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவில் இறக்கிய ஒரு பயிற்சி மென்பொருள் ஓடவில்லை. வழக்கமான லினக்ஸில் நூலக ஏற்றி இருக்கும் இடத்தில் நிக்ஸ்ஓஎஸில் அது இல்லை, வெளியிலிருந்து வரும் நிரல்கள் இதனால் முரண்டு பிடிக்கும். ஆப்இமேஜ் ஆதரவை இயக்கும் வரி ஒன்று போதுமாக இருந்தது.

வைஃபை கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் எழுத ஆசிரியை விரும்பினார், "எல்லாம் தாள்ல இருக்கணும்" என்ற அவருடைய நிபந்தனைப்படி. உதவியாளர் மறுத்தார். கோப்பில் எழுதியது எல்லாம் நிக்ஸ் ஸ்டோருக்குள் போகும், ஸ்டோரை அந்த இயந்திரத்தின் எந்தப் பயனரும் படிக்கலாம். ரகசியங்கள் வெளியே ஒரு கோப்பில் இருக்க வேண்டும், அமைப்பில் அதன் பாதையை மட்டும் எழுதலாம். காப்பு நகல் எடுக்கும் ரெஸ்டிக் மென்பொருளின் கடவுச்சொல் அப்படித்தான் வைக்கப்பட்டது, அதன் நகல் தாளில்.

கராஸ் புயலும் வெற்றுக் கோப்புகளும்

2025 பிப்ரவரி 28இல் கராஸ் புயல் தீவின் வடக்கில் கரையேறியது. முந்திய இரவு, மின்சாரம் போவதற்குள் எல்லாவற்றையும் புதுப்பித்துவிடலாம் என்று ஆசிரியை ஃபிளேக் அப்டேட்டும் ரீபில்டும் ஓடவிட்டார். நல்ல எண்ணம்தான், நேரம் தவறு. பதிவிறக்கம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போயிற்று. பேட்டரி 20 சதவீதத்திலிருந்து திடீரென்று கீழே விழுந்து இயந்திரம் அணைந்தது.

மின்சாரம் திரும்பியது மார்ச் 4. மடிக்கணினி பழைய தலைமுறையில் ஒழுங்காகவே எழுந்தது. பூட் மெனு இன்னும் மாற்றப்படவில்லை அல்லவா. விட்ட இடத்திலிருந்து ரீபில்ட் தொடர்ந்தது, பிழையில்லாமல் முடிந்தது. மறுதொடக்கம் செய்தால் உள்நுழைவுத் திரை வரும், உள்ளே போனால் மேசைப் பட்டை இல்லை. லிப்ரேஆபிஸ் திறக்கவில்லை. டெர்மினலிலிருந்து இயக்கிப் பார்த்தபோது ஒரு நூலகக் கோப்பின் நீண்ட பாதையைக் காட்டி, கோப்பு மிகச் சிறியது என்றது. பார்த்தால் அதன் அளவு பூஜ்யம்.

நிக்ஸ் ஒரு தொகுப்பை இறக்கி முடித்ததும், இது செல்லுபடியானது என்று தன் தரவுத்தளத்தில் எழுதி, அதை உடனே வட்டில் பதியச் செய்கிறது. தொகுப்பின் கோப்புகளை அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. எக்ஸ்ட்4 கோப்பின் பெயரை முதலில் பதிந்து உள்ளடக்கத்தை சில விநாடிகள் தள்ளி எழுதும், 30 விநாடி வரைகூட ஆகும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, தரவுத்தளமோ எல்லாம் சரி என்று சொல்லும். அதனால்தான் மார்ச் 4இல் தொடர்ந்த ரீபில்ட் அந்த வெற்றுக் கோப்புகளை ஏற்கெனவே இருப்பவை என்று எடுத்துக்கொண்டு புதுத் தலைமுறையைக் கட்டியது. இன்னும் பத்து முறை ரீபில்ட் கொடுத்தாலும் இது சரியாகாது.

முதல் முடிவு: பூட் மெனுவில் முந்திய தலைமுறை. பாதிக்கப்பட்டவை புதிதாக இறக்கியவை மட்டும் என்பதால் அது முழுமையாக வேலை செய்தது. ஆசிரியை அன்று மாலையே தன் வேலையைத் தொடர்ந்தார். இரண்டாவது: ரூட் (நிர்வாகி) உரிமையில் நிக்ஸ்-ஸ்டோர் கட்டளை, வெரிஃபை, செக்-கன்டென்ட்ஸ், ரிப்பேர் என்ற மூன்றும் சேர்த்து. வெரிஃபை மட்டும் கொடுத்தால் போதாது, அது தரவுத்தளத்தையும் கோப்புறைகளின் இருப்பையும் மட்டுமே ஒப்பிடும். செக்-கன்டென்ட்ஸ் இருந்தால்தான் ஒவ்வொரு தொகுப்பின் உள்ளடக்கத்துக்கும் ஹாஷ் என்ற சரிபார்ப்பு எண் போட்டுப் பார்க்கும். 28 ஜிபி ஸ்டோருக்கு 22 நிமிடம் ஆயிற்று. ஏழு தொகுப்புகள் மாறியிருப்பதாகக் காட்டி, ஏழையும் மீண்டும் இறக்கிச் சரிசெய்தது. அதன்பின் புதுத் தலைமுறையும் ஒழுங்காக எழுந்தது.

இந்த அனுபவத்திலிருந்து இரண்டு முடிவுகள் எடுத்தார்கள், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. நல்லது: மின் இணைப்பில் இல்லாதபோதும் புயல் எச்சரிக்கை இருக்கும்போதும் அப்டேட் கிடையாது. கெட்டது: பழைய தலைமுறைதான் காப்பாற்றியது என்பதால், வாரம் ஒருமுறை பழையவற்றை நீக்கும் தானியங்கி குப்பை சேகரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஜூன்: பூட் பார்ட்டிஷன் நிறைந்தது

24.11க்கான ஆதரவு ஜூன் கடைசியோடு முடிய இருந்தது. ஜூன் 14இல் 25.05க்கு உயர்த்தினார்கள். கட்டுவது முடிந்து, பூட் மெனு எழுதும் கட்டத்தில் வட்டில் இடமில்லை என்று நின்றது. முதன்மைப் பார்ட்டிஷனில் 80 ஜிபி காலி.

நிறைந்தது 260 எம்பி பூட். பூட் மெனுவைத் தரும் சிஸ்டம்டி-பூட், லினக்ஸின் மையநிரலான கெர்னலையும் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியையும் அங்கே நகலெடுத்து வைக்கிறது, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 36 எம்பி. கெர்னல் மாறாத தலைமுறைகள் ஒரே நகலைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் மாதாமாத அப்டேட்டில் கெர்னல் மாறிக்கொண்டே வந்தது. 202 எம்பியில் ஐந்து நகல்கள் அடங்கும். 25.05 கொண்டுவந்தது ஆறாவது.

ஆசிரியை தானாகவே நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ் ஓட்டிப் பார்த்தார், பழையதெல்லாம் அழிக்கும் டி (d) தெரிவோடு. சில ஜிபி விடுபட்டது, பூட்டில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. நிர்வாகி உரிமை தரும் சூடோ இல்லாமல் ஓட்டினால் அது பயனருடைய சொந்தத் தலைமுறைகளை மட்டுமே நீக்கும், அமைப்பின் தலைமுறைகளைத் தொடாது. சூடோவோடு மீண்டும் ஓட்டியபோது அமைப்பின் பழைய தலைமுறைகள் போயின. அப்போதும் பூட் நிறைந்தே இருந்தது. குப்பை சேகரிப்பு ஸ்டோரை மட்டும்தான் பார்க்கும். பூட்டில் உள்ள நகல்களை நீக்குவது பூட் மெனு எழுதும் நிரலின் வேலை, அது அடுத்த ரீபில்டில்தான் ஓடும். நடப்பு அமைப்பின் ஸ்விட்ச்-டு-கான்ஃபிகரேஷன் நிரலை பூட் என்ற சொல்லோடு இயக்கியதும் பழைய நகல்கள் போய் 160 எம்பிக்கு மேல் காலியானது. பிறகு 25.05 தடையில்லாமல் ஏறியது.

இதைக் கையால், பூட் கோப்புறைக்குள் போய் ஒவ்வொன்றாக அழித்துச் சரிசெய்கிறவர்கள் உண்டு. அது ஆபத்து. மெனுவில் இருக்கும் தலைமுறை சுட்டும் கெர்னலை அழித்துவிட்டால் அந்தத் தலைமுறை எழாது.

அன்றே சேர்த்த வரிகள்: பூட் மெனுவில் அதிகபட்சம் 4 தலைமுறை, குப்பை சேகரிப்பு மீண்டும் வாரம் ஒருமுறை, 30 நாளுக்கு மேற்பட்டவை மட்டும். 25.05இல் நிக்ஸ் 2.28 வந்ததால், ஸ்டோரில் எழுதும் கோப்புகளையும் உடனே வட்டில் பதியச் செய்யும் தெரிவு கிடைத்தது; இயல்பில் அது அணைந்திருக்கும், இயக்கினார்கள். பதிவிறக்கம் சற்று மெதுவாகும். மின்தடை வரும் ஊரில் அது கொடுக்க வேண்டிய விலைதான்.

ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: கோப்பின் அடியில் ஸ்டேட்வெர்ஷன் 24.11 என்று இருக்கிறதே, அதையும் 25.05 ஆக்க வேண்டாமா? வேண்டாம். அது அமைப்பின் பதிப்பைச் சொல்லும் வரி அல்ல. எந்தப் பதிப்பில் முதன்முதலாக நிறுவினோம் என்று சேவைகளுக்குச் சொல்லும் வரி. அதை மாற்றினால் ஏற்கெனவே தரவு சேர்ந்துள்ள சேவைகள் புது இயல்புநிலைகளுக்குத் தாவலாம்.

செப்டம்பர்: வேறு இயந்திரம்

செப்டம்பர் நடுவில் தாய்ப்பலகை பழுதாகி மடிக்கணினி எழவேயில்லை. பழையதைப் புதுப்பித்து விற்கும் கடையில் 8ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி ஒன்று வாங்கினார்கள். செப்டம்பர் 20 காலை 9 மணிக்கு வேலை தொடங்கியது.

விண்டோஸ் வேண்டாம் என்று இம்முறை முடிவு. வட்டு முழுதும் அழிக்கப்பட்டது, இஎஃப்ஐ பார்ட்டிஷன் 1 ஜிபி. லக்ஸ், எக்ஸ்ட்4. களஞ்சியத்தை வெளிவட்டிலிருந்து நகலெடுத்து, வன்பொருள் கோப்பை மட்டும் இந்த இயந்திரத்துக்குப் புதிதாக உண்டாக்கி, பழையதன் மேல் எழுதி, நிறுவும் கட்டளை. சுமார் 3 ஜிபி பதிவிறக்கம். 10 மணி 20க்கு மறுதொடக்கம். கடவுச்சொல் முதல் முறையிலேயே ஏற்கப்பட்டது. கன்சோல் கீமேப் வரி கோப்பில் இருந்ததே.

பிறகு ரெஸ்டிக் காப்பு நகலிலிருந்து ஆவணங்கள். ரெஸ்டிக் கடவுச்சொல் இருந்த கோப்பு இறந்துபோன இயந்திரத்தில். பத்திரங்களோடு இருந்த தாள் இல்லாவிட்டால் எட்டு மாதப் பாடத்தாள்களுக்கு அந்த வழி அடைந்திருக்கும். ஆவணங்கள் முழுதும் திரும்பின.

வராதவை இவை. வைஃபை கடவுச்சொற்கள், எதிர்பார்த்ததுதான். சங்க அலுவலகத்தின் அச்சுப்பொறி, ஏனென்றால் அது வரைகலைச் சாளரம் வழியாகச் சேர்க்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகள், ஏனென்றால் காப்பு நகலில் ஆவணக் கோப்புறை மட்டுமே இருந்தது. தமிழ்99 உள்ளீட்டில் மறுபடியும் "ஆம்ம". பிப்ரவரியில் சாளரத்தில் தேர்ந்த அந்த ஒரு தெரிவு எங்கும் எழுதப்படவில்லை, காரணமும் யாருக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. அமைப்பு முழுதும் 1 மணி 20 நிமிடத்தில் எழுந்த நாளில், இந்த ஒன்றுக்கு 40 நிமிடம் போயிற்று.

மாற்றப்பட்டவையும் மாற்ற வேண்டியவையும்

எஃப்சிஐடிஎக்ஸ்5இன் உள்ளீட்டுப் பட்டியலும் தமிழ்99க்கான விசை அமைப்பும் இப்போது அமைப்புக் கோப்பிலேயே இருக்கின்றன. நிக்ஸ்ஓஎஸில் அதற்கென்று இடம் உண்டு. அந்த வரிகளுக்கு மேலே ஒரு கருத்துரை: "இது இல்லாவிட்டால் அம்மா ஆம்ம ஆகும்." அச்சுப்பொறியும் அதே கோப்பில் அறிவிக்கப்பட்டுள்ளது. வரைகலைச் சாளரத்தில் எதை மாற்றினாலும், அன்றைக்கே ஒரு வரியாகவோ ஒரு கருத்துரையாகவோ களஞ்சியத்தில் ஏற வேண்டும் என்பது இருவரும் வைத்துக்கொண்ட வழக்கம். ரெஸ்டிக் நகல் இப்போது வீட்டுக் கோப்புறை முழுதும் எடுக்கிறது, தற்காலிகக் கோப்புகளான கேஷ் மட்டும் விலக்கு.

முதல் நாளிலிருந்து வேறு மாதிரி செய்திருக்க வேண்டியது இரண்டு. இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனின் அளவை விண்டோஸைச் சுருக்குவதற்கு முன்பே பார்த்து, பூட் மெனு வரம்பை முதல் கோப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இருந்திருந்தால் குப்பை சேகரிப்பை நிறுத்தியும் ஜூனில் தடங்கல் வந்திருக்காது. லக்ஸ் கடவுச்சொல் வைக்கும்போதே இரு விசை அமைப்பிலும் ஒரே மாதிரி விழும் எழுத்துகளைத் தேர்ந்திருக்க வேண்டும். அஸெர்ட்டி பலகையில் லினக்ஸ் நிறுவும் எவரும் இதை முதலிலேயே செய்வது நல்லது.

நவம்பரில் புயல் பருவம் தொடங்கும், ஏப்ரல் வரை நீளும். அதற்கு முன் நடப்பு அமைப்பு முழுவதையும் நிக்ஸ் காப்பி கட்டளையால் வெளிவட்டில் ஓர் உள்ளூர்க் கேஷாக எடுத்துவைக்கிறார்கள், நிறுவல் யுஎஸ்பியோடு சேர்த்து. இணையம் இல்லாமலே அங்கிருந்து நிறுவ முடியும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த இயந்திரத்திலேயே கட்டப்பட்ட தொகுப்புகளுக்குக் கையொப்பம் இருக்காது, அதனால் அந்தக் கேஷிலிருந்து நிறுவும்போது கையொப்பச் சோதனையைத் தளர்த்தும் தெரிவு தேவைப்படும். அந்தக் கட்டளை, லக்ஸின் இரண்டாவது திறவு, ரெஸ்டிக் கடவுச்சொல் மூன்றும் பத்திரங்களோடு இருக்கும் அதே தாளில் ஆசிரியையின் கையெழுத்தில் இருக்கின்றன.